மஞ்சள் தண்ணீர் தின்னும் பிள்ளைகள்

செவ்வாய்க் கிரகம், வடக்கு ஓடுதளம். ஆயுதபூஜை, காலை 8:10

இதைக் கையில் எடுத்தவருக்கு வணக்கம். நான் இசக்கியம்மாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழையிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தின் பழைய பெயிண்டைச் சுரண்டிக் கழுவினால் மஞ்சளாக விஷத்தண்ணீர் வரும். இரும்புத் தொட்டிக்குள் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று தெளிய வைக்கும். அவற்றுக்குச் சர்க்கரையும் சூடும் கொடுப்பது என் வேலை. கோடிக்கணக்கில் பிள்ளைகள், ஒன்றாவது அம்மா என்று கூப்பிட வேண்டுமே!

வெளிக்குழாயில் மின்கண் உண்டு. தண்ணீர் தெளிந்தால் பச்சை விளக்கு எரியும், குழாய் திறந்து கீழே குடியிருப்பின் ஏரிக்குப் போகும். மஞ்சளைப் பார்த்தால் சிவப்பு, அடைத்துக்கொள்ளும்.

புழுதிக்காற்றுக்குப் பயந்து எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள்; தொட்டியைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும். பம்பு, தொட்டி, குழாய் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். சுண்டல்தான் ஒருத்திக்கு அதிகம்.

மறுநாள், காலை 6:00

சிவப்பு விளக்கு. புழுதியில் வெயில் இல்லை, பேட்டரி மட்டும்தான். என் அறை அல்லது தொட்டி, ஒன்றுக்குத்தான் சூடு. ரேடியோவில் கீழேயிருந்து இன்ஜினியர் அருளப்பன்:

"யக்கா, கிருமி செத்திருக்கும். சூட்ட ஒங்க ரூமுக்குத் திருப்புங்க."

"பொண்ணு பாக்குறதுல இந்த அவசரம் காட்டியிருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருப்ப. தொட்டி வழிஞ்சா ஏரிக்குத்தான்டே வரும். நீங்கதான் குடிக்கணும்."

"யக்கா, வெளையாடாதீங்க, நீங்க வெறச்சு..."

அத்தோடு ரேடியோ போனது. சூட்டைத் தொட்டிக்குக் கொடுத்தேன்.

மாலை 5:30

சிவப்பு. என் டீக்கு வைத்திருந்த சர்க்கரையையும் கொட்டிவிட்டேன். தின்னுங்கடா. கழுவிய தண்ணீர் இன்னும் வடிந்து வந்து தொட்டியில் ஏறுகிறது, விளிம்புக்கு இன்னும் ஒரு சாண். விரல் மடங்கவில்லை. யாரையாவது கிண்டல் செய்ய வேண்டும் போல இருக்கிறது. ஆள் இல்லை.

மூன்றாம் நாள், நேரம் தெரியவில்லை

டார்ச்சோடு குழாயைப் பார்க்கப் போனேன். மின்கண்ணின் கண்ணாடி மேலேயே என் சந்தனப் பொட்டு, காய்ந்து, மஞ்சளாக. இத்தனை நேரம் அது பார்த்தது அதைத்தான்.

துடைத்தேன். பச்சை. குழாய் திறந்தது. ஏரி தப்பித்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. முதலிலிருந்தே.

பிறகு

பேட்டரி தீர்ந்தது. தொட்டி மட்டும் வெதுவெதுப்பு. முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே குமிழி விடுகிறார்கள். கூப்பிடுகிற மாதிரி.

அருளப்பா, தண்ணீர் நல்ல தண்ணீர், குடி. காற்று நின்றதும் முதலில் சர்க்கரை அனுப்பு. இதுகள் பசி தாங்கா