சாப்பாட்டு மணிக்குப் பிறகு எழுதியவள்

9 செப்ரெம்பர் 2025, செவ்வாய்

காலையில் எழும்பி முதல் செய்த வேலை கிளடிஸ் அன்ரிக்கு மறுமொழி எழுதினதுதான். தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க முதலே எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு கிழமையாக அது தலைக்குள் கிடந்தது.

அவர் இங்கிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், அஜக்ஸ் என்ற நகரில் இருக்கிறார். நான் நேரில் கண்டதில்லை. தன்னுடைய மாமி, அதாவது அப்பாவின் மூத்த அக்கா, 1913இல் ஊரில் கன்னியாஸ்திரிகள் மொனிக்கா கல்லூரியைத் தொடங்கியபோது அதன் முதல் வகுப்பில் படித்தவர் என்று எழுதியிருந்தார். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விருந்தில் பெயர் கூப்பிட்டு வாசிக்கிற இடாப்பில் அந்தப் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். பெயர் அக்கினேசு.

செயலாளர் என்ற முறையில் எழுதினேன்: "எமது பதிவுகளைக் கவனமாகப் பரிசீலித்தோம். அப்படி ஒரு பெயர் காணப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

கவனமாகத்தான் பார்த்தேன். அந்தக் காலத்து விடுதி நாட்புத்தகத்தை ஊரில் இருந்து இந்த வருடம்தான் ஸ்கான் செய்து அனுப்பினார்கள். கிழமைக்கு ஒரு பிள்ளை முறைக்காரி. அவள் அன்றன்று நடந்ததை எழுதி, சனிக்கிழமை கீழே கையொப்பம் வைக்க வேண்டும். கையொப்பங்களை எல்லாம் எண்ணினேன். பதினொரு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பன்னிரண்டாவது இல்லை.

14 செப்ரெம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து அம்மாவுக்கு நாட்புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். அம்மாவின் மாமி மார்கிறேத் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. அவருடைய கிழமையில் இப்படி இருக்கிறது:

"ஐந்துக்கு மணி. கிணற்றடியில் ஆளுக்கு எட்டு வாளி. இங்கிலீசு வகுப்பில் மதர் கடலைப் பற்றிச் சொல்லச் சொன்னா. சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு ஒருத்தர் வாயிலும் சொல் வரவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களை மதர் வாசித்துத் திருப்பித் தந்தா. பசி என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதச் சொன்னா."

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. "பாத்தியே மாமியின்ர எழுத்தை? முத்து முத்தாய்!"

இருபது வருடமாக விருந்தில் இடாப்பு வாசிக்கும்போது மார்கிறேத்துக்காக எழும்பி நிற்பது அம்மாதான். எங்கள் சங்கத்தின் வழக்கம் அது. செயலாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் எழும்பி, "வந்திருக்கிறேன், மதர்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது அம்மாவின் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாகிவிடும்.

18 செப்ரெம்பர், வியாழன்

இன்று பஸ்ஸில் வாசித்த பக்கம் ஏதோ செய்தது.

"சாப்பாட்டு மணி. கோப்பைச் சத்தம். யாரோ பெரிதாய்ச் சிரித்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. கதிரைகள் இழுபட்டன. ஏழரை."

மேசையில் இருந்து சாப்பிட்ட பிள்ளை எழுதுகிற எழுத்தா இது? எதற்குச் சிரித்தார்கள் என்று அவளுக்கு ஏன் தெரியாது?

அடுத்த கிழமையைப் பார்த்தேன். வேறு கையொப்பம். "சாப்பாட்டு மணி. குழம்பு வாசம் மீன் என்று சொல்லிற்று." அதற்கடுத்த கிழமை: "மழை. கூரை இறப்பில் இருந்து ஒழுகிக் கொப்பி நனைந்தது. உள்ளே செபம் தொடங்கிவிட்டது."

எல்லாரும் வெளியில் இருந்து எழுதுகிறார்கள். அப்போ உள்ளே இருந்து சாப்பிட்டது ஆர்?

20 செப்ரெம்பர், சனி

ஒரே கை.

பதினொரு கையொப்பங்கள், பதினொரு விதம். எழுத்து ஒன்று. 'ள'வின் வால், 'று'வின் சுழி, வரி முடிகிற இடத்தில் பேனையைத் தூக்குகிற விதம், எல்லாம் ஒரே பிள்ளையின் கை. நான் பதினாறு வருடமாகக் காப்புறுதிக் கொம்பனியில் கிளெயிம் படிவம் பார்க்கிறவள். நிரப்பினது ஒருத்தர், கையொப்பம் வைத்தது இன்னொருத்தர் என்றால் அரை நிமிடத்தில் பிடிப்பேன். அதற்குத்தான் சம்பளம். இந்தப் புத்தகத்தில் மட்டும் கையொப்பத்தை எண்ணிவிட்டு மூடிவைத்தேன். எனக்குத் தேவையானது அவ்வளவுதான், இல்லையா?

அம்மாவின் அலுமாரியில் மார்கிறேத்தின் செபப்புத்தகம் இருக்கிறது. முன்பக்கத்தில் தன் பெயரும் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். கோணல் மாணலாய், ஒரு எழுத்து மற்றதில் இடித்துக்கொண்டு.

முத்து இல்லை.

21 செப்ரெம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. 212 பக்கத்தையும் ஓரம் ஓரமாகப் பார்த்தேன். நூற்று நாற்பதாம் பக்கத்தில், கரையில், மதரின் சிவப்பு மை:

"அக்கினேசு, உன் எழுத்து நல்லது. முறைக்காரிகள் தாங்களே எழுதப் பழக வேண்டும்."

அதற்குப் பதினைந்து பக்கம் தள்ளி: "பன்னிரண்டு பேரும் பரீட்சை எழுதினோம்." மூன்று கிழமை கழித்து: "முடிவு வாசித்தார்கள். தமிழில் முதலாவது வந்தவளுக்குப் பரிசு விழாவில் இல்லை, பிறகு மடத்துக்குள் வைத்துக் கொடுப்பார்களாம்."

அந்த முதலாவது அவள்தான். தன் பெயரைத் தான் எழுதவில்லை.

பிறகு அந்தப் படத்தை எடுத்தேன். எங்கள் சங்கத்தின் ஒவ்வொரு ஆண்டு மலரிலும் வருகிற முதல் வகுப்புப் படம். கதிரைகளில் பதினொரு பேர். ஓரத்தில் ஒரு பிள்ளை நிலத்தில் இருக்கிறாள். அவளை ஏனம் கழுவ நின்ற பெட்டை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் மடியில் ஒரு கொப்பி. ஏனம் கழுவுகிறவளுக்கு மடியில் கொப்பி எதற்கு என்று இவ்வளவு காலத்தில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சாதி. எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம். "ஆர் ஆக்கள்?" என்று மட்டும் கேட்போம்.

அவளைக் கதிரையில் இருக்க விடவில்லை. மேசையில் இருக்க விடவில்லை. ஆனால் தங்களுடைய முறையை எழுத அவள் வேண்டும். அவர்கள் உள்ளே சாப்பிட, அவள் விறாந்தையில் இருந்து அவர்களுக்காக எழுதியிருக்கிறாள். மதருக்கும் தெரிந்திருக்கிறது. எழுத்து நல்லதாம்! ஒரு கதிரை எடுத்துப் போட அந்த மனுசிக்குக் கை வரேல்லை.

நான் என்ன எழுதினேன்? "அப்படி ஒரு பெயர் காணப்படவில்லை." கண்டு கிழிச்சனான்.

28 செப்ரெம்பர், ஞாயிறு

அஜக்ஸுக்குப் போனேன். 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் நின்று நின்று போகும்போது என்ன சொல்வது என்று பாடமாக்கினேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "அன்ரி, நான் பிழை விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

எழுபத்துநாலு வயது. மெல்லிய மனுசி. சிவப்பு மையில் இருந்த அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பைல் கொண்டுவந்தார். அதற்குள் என் ஈமெயில். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்.

"உந்த ஈமெயிலை ஏன் அன்ரி வைச்சிருக்கிறீங்கள்?"

"மொனிக்காவில இருந்து எங்கட வீட்டுக்கு வந்த முதல் கடிதம் எல்லே பிள்ளை."

எனக்கு நிலத்துக்குள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஊரில அவவுக்குப் பேர் பொய்க்கார அக்கினேசு. மொனிக்காவில படிச்சனான் எண்டு சொன்னதுக்கு. எங்கட அப்பாவும் பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டு அடி வாங்கினவர், பெரிய இடத்தில எங்களுக்குச் சொந்தம் கேக்குதோ எண்டு. பிறகு ஊராக்களுக்குக் கடிதம் எழுதிக் குடுத்துத்தான் மாமி சீவிச்சவ. மலாயாவுக்கு, கொழும்புக்கு. அதுக்கு மட்டும் எல்லா ஆக்களும் வந்தவை. வெளியில நிண்டு சொல்லச் சொல்ல, உள்ளுக்கு இருந்து எழுதுவா."

சிரித்தார். "அதில அவவுக்கு ஒரு சந்தோசம் இருந்திருக்கும், என்ன?"

வேறு ஒன்றும் வேண்டாமாம். இடாப்பில் ஒருக்கால் பெயர். அது போதுமாம்.

4 ஒக்ரோபர், சனி

சங்கக் கூட்டம். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தரும் பொய் என்று சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

தலைவர் நீக்கிலாஸ் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நீ சொல்றது உண்மைதான். ஆனா நாட்புத்தகத்தைப் பதினொரு பேரின்ர எழுத்து எண்டு மலரில போடப்போறம். அந்தக் குடும்பங்கள் எல்லாம் வருகினம். சாப்பாட்டை வைச்சுக்கொண்டு ஆளையாள் பாக்கிறதே?"

"பன்னிரண்டாவது குடும்பமும் வரட்டும் அண்ணை."

"உதுகளை ஏன் இப்ப கிளறுறாய் நிரோ?" என்றார் பொருளாளர் நிலாணி அக்கா. "நூறு வரியத்துக்கு முந்தின கதை. இந்த நாட்டில ஆர் உதெல்லாம் பாக்கினம்?"

போன வருடம் மகனுக்குச் சரிவந்த சம்பந்தத்தை ஏன் விட்டனீங்கள் அக்கா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இப்ப இதில் இருந்து எழுதுகிறேன், பெரிய வீராங்கனை.

கடைசியில் அண்ணை ஒரு வழி சொன்னார். நன்றியுரையில் ஒரு வரி: "விடுதிப் பணிகளில் உதவிய பெண்ணையும் நினைவுகூருகிறோம்." எல்லாருக்கும் அது பிடித்தது. உதவிய பெண்! தமிழில் முதலாவது வந்தவள்!

இரண்டாயிரத்தோராம் ஆண்டு மாசி மாதப் பனிக்குள் வெறும் செருப்போடு வந்து இறங்கின எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர் இந்த அண்ணைதான். கார் ஓட்டப் பழக்கினவரும் அவர்தான். கெட்ட மனுசன் என்றால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

5 ஒக்ரோபர், ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை. நல்லது. ஆறக்கூடாது.

13 ஒக்ரோபர், திங்கள்

லீவு நாள். தாங்ஸ்கிவிங். அம்மா சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தா. செபப்புத்தகத்தையும் நாட்புத்தகத்தின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அம்மா ஒருதரம்தான் பார்த்தா. "மாமிக்கு எழுத வராது எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரியும். மாமா மலாயாவில இருக்கேக்க ஆரிட்டையோ போய்த்தான் கடிதம் எழுதுவிக்கிறவ."

"ஆரிட்டை அம்மா?"

தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டா.

"அப்ப ஏன் முத்து முத்தாய் எண்டனீங்கள்?"

"என்னை என்ன செய்யச் சொல்றாய்? எழுபத்தேழு வயசில எழும்பி நிண்டு என்ர மாமி கள்ளி எண்டு சொல்லட்டோ?"

அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அரிசியை நாலாந்தரம் கழுவினதைக் கண்டேன்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

மலரின் கடைசிப் பிரதி வந்தது. படத்தில் பதினொரு பேர். ஓரத்தை வெட்டிவிட்டார்கள். "வடிவா வந்திருக்கு, என்ன?" என்று அண்ணை கேட்டார்.

வெட்டின இடத்தில் அவளுடைய முழங்கால் கொஞ்சம் தப்பி நிற்கிறது. கொப்பியின் ஒரு மூலையும்.

"சரி அண்ணை" என்றேன். அவருக்குப் பெரிய ஆறுதல். "உனக்கு விளங்கும் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

அண்ணைக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் "சரி" சொல்லிச் சொல்லியே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

2 நொவெம்பர், ஞாயிறு

இறந்தோர் தினம். கோவிலில் பெயர் எழுதிப் போடுகிற பெட்டி வைத்திருந்தார்கள். அப்பாவின் பெயரை எழுதினேன். கீழே அக்கினேசு என்று எழுதினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தா. என் பேனையை வாங்கித் தன் துண்டில் மார்கிறேத் என்று எழுதிவிட்டு, இரண்டு துண்டையும் ஒன்றாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டா.

6 நொவெம்பர், வியாழன்

மத்தியானம் நீக்கிலாஸ் அண்ணை போன் எடுத்தார். "சனிக்கிழமை இடாப்பு நீதானே. போன வருசம் ஓடி ஓடி வாசிச்சனி. பதினொண்டையும் ஆறுதலா வாசி."

"ஓம் அண்ணை. ஆறுதலா வாசிக்கிறன்."

கிளடிஸ் அன்ரிக்கு டிக்கெட் எடுத்து, எங்கள் மேசையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் போட்டிருக்கிறேன். விருந்துக்கு வாங்கோ, நானே வந்து ஏற்றுகிறேன் என்று மட்டும் சொன்னேன். என்ன சீலை கட்டுவது என்று கேட்டார். இடாப்பில் என்ன மறுமொழி சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

வேலை முடிந்து பார்க்கிங்கில் காருக்குள் இருந்து ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். மலரில் இருக்கிற தாளை அல்ல, நானே எழுதின தாளை. பன்னிரண்டு பெயர்கள். அவளுடையது முதலாவது.

அதை வாசித்துவிட்டு நிறுத்துவேன். யாராவது ஒருத்தர் எழும்பி "வந்திருக்கிறேன், மதர்" என்று சொல்லும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டேன். சாப்பாடு ஆறட்டும்.