ஆறு பாட்டில் கேட்ட மகளுக்கு

அன்பு மகளே,

சித்தி வீட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தது. முடி வளர்ந்தால்தானே வீட்டுக்கு வரமுடியும், நம் கூந்தல் தைலத்தில் ஆறு பாட்டில் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். நான் அனுப்பவில்லை.

கட்டத்தான் கொடுத்தேன். பார்சல் கட்டும் அக்கா விலாசத்தைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது நம்ம பாப்பாவுக்கா? அப்ப கடையில நல்ல எண்ணெயா வாங்கி வைக்கட்டுமா?" என்றாள்.

பதினோரு வருஷமாக அந்தத் தைலத்தைக் கட்டுகிறவள். பார்சலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அதில் இருப்பது சாதா எண்ணெய், பச்சைச் சாயம், கொஞ்சம் வாசனை. விளம்பரத்தில் வழுக்கைத் தலையாகவும் பிறகு சுருள்முடியோடும் நிற்பவர் நம் வேன் டிரைவர். முடியோடு முதலில் படம் எடுத்தோம். மொட்டையடித்து அடுத்த படம். அச்சில் இடம் மாற்றிப் போட்டேன்.

சிகிச்சையில் முடி கொட்டிய தைலக்காரன் மகள் மொட்டைத் தலையோடு கடைப் பக்கம் வந்தால் வியாபாரம் என்னாகும் என்று பயந்துதான், உடம்பு தேறட்டும், மெதுவாக வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உடம்பு தேறி இரண்டு மாதம் ஆகிறது. நேற்று உன் டாக்டரும் போனில் சொன்னார்: "ரிப்போர்ட் சுத்தமா இருக்கு சார். மருந்து நிறுத்தியாச்சு, முடி தானா வரும். கண்டதையும் தேய்க்காம இருந்தாச் சரி."

இன்று காலை பத்திரிகைக்குப் போன் போட்டு விளம்பரத்தை நிறுத்தினேன். "அப்ப இனி என்னத்த விக்கிறது?" என்றாள் அக்கா. "சீப்பு" என்றேன். "அதுல என்ன பொய் சொல்லுவீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

சனிக்கிழமை வேனோடு நானே வருகிறேன். தலையில் துணி கட்டாமல் முன் சீட்டில் உட்கார். கடை வாசலிலேயே இறங்குவோம்.

உன் அப்பா