மகளுக்குப் போட்ட கடற்கரைப் பாதை

3 மார்ச் 2003, திங்கள்

பிரின்சி போடியிலிருந்து வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஒரே ஒரு பையோடு தனியாக வந்தாள். மாப்பிள்ளை ஏலக்காய் ஏலத்துக்காக வண்டன்மேட்டில் இருக்கிறார் என்றாள். பன்னிரண்டு நாளா ஏலம் நடக்கும்? கேட்கவில்லை.

"சாப்பிடச் சொன்னா சாப்பிடுறா, படுக்கச் சொன்னா படுக்குறா. பேச்சுதான் இல்ல" என்கிறாள் கிருபாவதி. தாய்க்கே சொல்லாததை என்னிடமா சொல்லப்போகிறாள்?

நம் பெயின்ட் கடையில் டிஸ்டம்பர் வாளிகள் வந்து இறங்கின. மத்தியானம் நல்ல வெயில்.

9 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டுக்கு வந்தார். கூடவே சம்பந்தியம்மா ஜெபராணி. மாப்பிள்ளை விஜய்ராஜ் வரவில்லை. கல்யாணமாகி ஒன்பது மாதம்தான் ஆகிறது, இதெல்லாம் இருக்கிறதுதான் என்று போதகர் சொன்னார்.

"வீடு நெறைய ஆளுக. சின்னஞ்சிறுசுக மனசு விட்டுப் பேச எடமில்ல" என்றார் ஜெபராணியம்மா. "மே லீவுல ரெண்டு பேரும் கார் எடுத்துக்கிட்டு அப்படியே கடக்கரைப் பக்கமா போயிட்டு வரட்டும். எல்லாம் சரியாப் போகும்."

நான் உடனே சொன்னேன்: "கடக்கரையா? அந்த ரோடெல்லாம் எனக்கு அத்துப்படி. நானே பிளான் போட்டுத் தாரேன்."

பிரின்சி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். போகிறாயா என்று அவளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

12 மார்ச், புதன்

கடை வைப்பதற்கு முன் எட்டு வருடம் பெயின்ட் கம்பெனிக்கு ஊர் ஊராக ஆர்டர் எடுத்து லைன் பார்த்தவன் நான். ராமநாதபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நான் டீ குடிக்காத ஊர் கிடையாது. பழைய மேப்பை எடுத்து மேஜையில் விரித்தேன். இருபது வயது குறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் நாள் தேனி, மதுரை, ராமேஸ்வரம். இரண்டாம் நாள் அங்கேயே, தனுஷ்கோடி பார்க்கலாம். மூன்றாம் நாள் சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி. நான்காம் நாள் மணப்பாடு, உவரி, சாயங்காலத்துக்குள் கன்னியாகுமரி. அந்த நாள்தான் அழகு. ரோட்டுக்கு ஒரு பக்கம் தேரி மணல் சிவப்பாக, மறுபக்கம் கடல். ஐந்தாம் நாள் நாகர்கோவில், திருநெல்வேலி வழியாக வீடு.

எங்கே தங்குவது, எங்கே மீன் சாப்பாடு நன்றாக இருக்கும், எந்த இடத்தில் ரோடு குண்டும் குழியும் — எல்லாம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. கிருபாவதி எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

16 மார்ச், ஞாயிறு

பிரின்சியிடம் திட்டத்தைக் காட்டினேன். "ஒனக்கு எந்த ஊர்ல கூட ஒரு நாள் இருக்கணும்னு தோணுது?"

"நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்கப்பா. நான் கடையப் பாத்துக்கிறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொன்று. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் இவள் திரும்புவதில்லை. இரண்டு மூன்று தடவை கவனித்துவிட்டேன். ஏதோ யோசனையில் இருக்கிறாள் போல.

22 மார்ச், சனி

மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். "ஸ்தோத்திரம் மாமா" என்று எப்போதும்போல் கை கூப்பினார். ஆரஞ்சு, அல்வா எல்லாம் வாங்கி வந்திருந்தார். சத்தமாகக்கூடப் பேசத் தெரியாத பையன்.

கடற்கரைப் பயணத்துக்கு டாக்ஸி சுருளியாண்டியை டிரைவராகச் சொல்லி வைத்திருந்தேன். இருபது வருடமாகத் தெரிந்த ஆள். விஜய்ராஜ் வேண்டாம் என்றுவிட்டார். "டிரைவர் எதுக்கு மாமா, நாங்க ரெண்டு பேரும் மட்டும் போறதுக்குத்தானே இந்த ஏற்பாடே? நானே ஓட்டிக்கிறேன்."

நியாயம்தானே? கிருபாவதிக்கு மட்டும் சம்மதமில்லை. வாசலில் நின்று சுருளியாண்டி கூட வந்தால் நல்லது என்று இரண்டு தடவை சொன்னாள். நான்தான் அவளை அடக்கினேன்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

இருவரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் கிருபாவதி என்னை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"சேலை மாத்துறப்ப அவ முதுகப் பாத்தேன். வரி வரியா இருக்கு."

"என்ன வரி?"

"பெல்ட்டு."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. "இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். இப்பச் சொல்லிட்டேன்ல. என்ன செய்யப்போறீக?"

கீழே இறங்கி வந்தேன். அதற்குள் விஜய்ராஜ் கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டுவிடுவது என்றுதான் பக்கத்தில் போய் நின்றேன். சத்தியமாக. அவன் நிமிர்ந்து, "மாமா, பயணத்துக்கு டயர் நாலையும் புதுசா மாத்தியாச்சு" என்றான்.

நான் கேட்டது: "ஸ்டெப்னி இருக்கா?"

21 ஏப்ரல், திங்கள்

பயணத்தை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் போதகர் என்ன நினைப்பார்? பஜாரில் என்ன பேசுவார்கள்? ஒருவேளை அந்த வீட்டு நெருக்கடிதான் அவனை அப்படி ஆக்குகிறதோ. ஐந்து நாள் தனியாக இருந்தால், கடல்காற்றுப் பட்டால் —

என்னத்தையாவது எழுதி என்னையே நம்ப வைத்துக்கொண்டிருக்கிறேன்.

5 மே, திங்கள்

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டுப் போனார்கள். பிரின்சி கண்ணாடியை இறக்கிக் கை காட்டினாள். கிருபாவதி ஜெபம் பண்ணும்போது நான் கண்ணை மூடவில்லை.

6 மே, செவ்வாய்

ராமேஸ்வரத்திலிருந்து விஜய்ராஜ் போன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம். "ஒங்க பிளான்படிதான் மாமா போறோம்." பிரின்சியைக் கேட்டேன். குளித்துக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

7 மே, புதன்

வீரபாண்டித் திருவிழாக் கூட்டம். பஸ்ஸெல்லாம் கொட்டுச் சத்தத்தோடு போகிறது. கடையில் நிற்க இடமில்லை.

பன்னிரண்டரைக்குப் பிரின்சி கடைக்குப் போன் பண்ணினாள். தூத்துக்குடியில் எஸ்.டி.டி. பூத்தாம். இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அப்பா, அவுக பெட்ரோல் போடப் போயிருக்காக. நான் இங்கன இருந்து பஸ் ஏறி வந்துரட்டுமா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"வந்துரட்டுமான்னு மட்டும் சொல்லுங்கப்பா. பயமா இருக்கு."

"இன்னும் ரெண்டே நாளும்மா. பாதியில வந்தா நாளைக்கு எத்தன பேச்சு வரும்? கொஞ்சம் அனுசரிச்சுக்க. நாளைக்குத்தான் நல்ல ரோடு, வழி பூரா கடல் தெரியும்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

எதிரே ஓர் ஆள் வெள்ளை சிமென்ட் கேட்டு நின்றார். நிறுத்துக் கொடுத்தேன்.

கிருபாவதியிடம் சொல்லவில்லை.

10 மே, சனி. நாகர்கோவில், ஆஸ்பத்திரி

டைரி கைப்பைக்குள் கிடந்தது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு உவரிப் பக்கமிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். ரோட்டோரம் ஒரு பெண் கிடக்கிறாள், ஓடுகிற காரிலிருந்து விழுந்தவள், இந்த நம்பரைத்தான் சொல்கிறாள் என்றார். கார் நிற்கவே இல்லையாம்.

சுருளியாண்டி வண்டியில் நானும் கிருபாவதியும் வந்து சேர்ந்தோம். இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்திருக்கின்றன. முகத்தின் ஒரு பக்கம் பூராவும் தோல் இல்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இடது காதுச் சவ்வு கிழிந்திருப்பதாகவும் அது இப்போது ஆனதில்லை, பழைய அடி என்றும் சொன்னார். நான் யோசனையில் இருக்கிறாள் என்று நினைத்தேன். யோசனையாம்.

அந்த அம்மா மீன் விற்கிறவர். மீன் ஏற்றும் ஆட்டோவில் பிரின்சியைத் தன் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்திருக்கிறார். இன்று பார்க்க வந்தவர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"நீங்கதான் அப்பாவா? வழி பூரா அதையேதான் சொல்லிட்டு வந்துச்சு பிள்ள. அப்பாவுக்குப் போன் பண்ணினேன், அப்பாவுக்குப் போன் பண்ணினேன்னு."

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணல் ஒட்டிய கால்.

சாயங்காலம் சப் இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைத் திறந்து அவன் தள்ளினான் என்கிறாள் பிரின்சி. அவளே திறந்து குதித்துவிட்டாள் என்கிறானாம் அவன். "முந்தின நாளே பயந்து போய் ஒங்களுக்குப் போன் பண்ணினதாச் சொல்லுது பொண்ணு. வந்துச்சா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிருபாவதி நின்றிருந்தாள்.

"திருவிழா நேரம் சார். கடையில கூட்டம். சரியா நெனவில்ல" என்றேன்.

பிரின்சி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முறிந்த இடுப்போடு அது எவ்வளவு வலித்திருக்கும்.

11 மே, ஞாயிறு

அவள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை.

3 ஜூன், செவ்வாய். தேனி

பிரின்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் ஆகிறது. காலில் பாரம் கட்டிப் படுக்க வைத்திருக்கிறோம்.

இன்று போதகரும் ஜெபராணியம்மாவும் வந்தார்கள். எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். கார்க் கதவு சரியாகச் சாத்தாததால் தவறி விழுந்தாள், யார்மேலும் எங்களுக்குப் புகார் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"கேஸ்னு போனா ரெண்டு குடும்பமும் நாறிப்போகும்ணே" என்றார் ஜெபராணியம்மா. "எங்க விஜய் ரெண்டு வேளைச் சோறு எறங்காமக் கெடக்கான். அவளும் கோவக்காரிதானே? அவளாக் குதிக்கலைன்னு யாரு கண்டா? ஒரு சாட்சி உண்டா?"

போதகர் பேனாவை எடுத்து என்முன் வைத்தார். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பிரின்சிக்கு எல்லாம் கேட்டிருக்கும். அப்பாவை அவள் எதற்கும் கூப்பிடவில்லை. இனிக் கூப்பிட மாட்டாள் என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கியது.

"போன் வந்துச்சு" என்றேன்.

"என்ன போன்?"

"ஏழாந்தேதி மத்தியானம். தூத்துக்குடியில இருந்து. பயமா இருக்கு, வந்துரட்டுமான்னு கேட்டா. நான்தான் வரவேண்டாம்னேன். போலீஸ்ல பொய் சொல்லிட்டேன். நாளைக்குப் போயி மாத்தி எழுதிக் குடுக்கப்போறேன்."

ஜெபராணியம்மா முகம் கறுத்தது. "அப்ப நீங்களும்தானே அவளை அனுப்பி வச்சீக? நீங்களும்தானே?"

"ஆமா. அதையும் எழுதிக் குடுப்பேன்."

போதகர் பேனாவை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு கிருபாவதி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை, திட்டவில்லை. "போன் வந்துச்சா" என்றாள். கேள்வி மாதிரிகூட இல்லை. பிறகு உள்ளே போய்ப் பிரின்சிக்குத் தலை சீவிவிட ஆரம்பித்தாள்.

4 ஜூன், புதன்

போய் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஏன் மறைத்தீர்கள் என்றார் இன்ஸ்பெக்டர். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாள் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

14 டிசம்பர் 2003, ஞாயிறு

பிரின்சி கம்பு ஊன்றி வாசல்வரை நடந்தாள். வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

17 ஆகஸ்ட் 2005, புதன்

சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிர்த் தரப்பு வக்கீல் போன் வந்ததை மறுக்கவில்லை. அதை வைத்தே என்னை அடித்தார்.

"பெத்த மகள் பயமாயிருக்குன்னு கூப்பிட்டா. நீங்க வராதேன்னு சொன்னீங்க. முதுகில் தழும்பு இருந்ததும் தெரியும்னு சொல்றீங்க. அப்படி ஒரு ஆபத்து நிஜமாவே இருந்திருந்தா எந்தத் தகப்பன் அப்படிச் சொல்வான்?"

"நான் சொன்னேன்" என்றேன்.

"ஏன்?"

எவ்வளவோ தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். "பஜார்ல பேசுவாகன்னு" என்று மட்டும் சொன்னேன். கோர்ட்டில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

பிரின்சி பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி வரும்போது அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால்.

9 பிப்ரவரி 2006, வியாழன்

தீர்ப்பு. கொடுமைப்படுத்தியதற்கு மூன்று வருடம். தள்ளியது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லையாம். அப்பீல் போட்டு ஜாமீனில் வந்துவிடுவான் என்று வக்கீல் சொல்கிறார்.

28 மார்ச் 2006, செவ்வாய்

ஜாமீனில் வந்துவிட்டான். போடி பஜாரில் அவனைப் பார்த்ததாகச் சுருளியாண்டி சொன்னான். யாரோடோ டீ குடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தானாம்.

2 மே 2006, செவ்வாய்

பிரின்சிக்கு மதுரையில் வேலை. ஒரு கண்ணாஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். நேற்றே போய் ஒரு ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். எனக்கு இன்று கிருபாவதி சொல்லித்தான் தெரியும்.

12 ஜூன் 2006, திங்கள்

பிரின்சி ஹாஸ்டலை விட்டு ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாள். படியில்லாத வீடு. கிருபாவதி அங்கேயே போய் இருந்துகொள்வதாக முடிவு. போன வாரமே சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்று பத்து மணி பஸ். இரண்டு பையையும் நான்தான் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிக்கொண்டு போனேன். அவளுக்கு ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. வெளியே நின்றபடி, அரிசிப் பானை எங்கே இருக்கிறது, பால்காரனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டேன். டிரைவர் ஏறிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம கடை லீவுதான்" என்றேன். "நான் அங்கன வரட்டுமா? ஒரு மணி நேரம் இருந்துட்டுத் திரும்பிருவேன்."

கிருபாவதி என்னைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

பஸ் புறப்பட்டது. நான் வந்து கடையைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.