நீங்கள் ஒன்பது வரை எண்ணினீங்கள்

மச்சாள்,

குசினி யன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைக் கன்றுச் சாடிக்குள் ஒரு கடுதாசிக் காற்றாடி குத்தி நிற்கிறது. நான் கோப்பை கழுவும்போது அது என் முகத்துக்கு நேரே சுற்றும். டொக்டர் என் பேத்திக்குக் கொடுத்தது. அதைப் பார்த்தால் உங்களுடைய முகம்தான் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஆறு வருசம். அதற்கு முதல் இருபத்தேழு வருசம் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள் நான். இப்போது கடிதம் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை கண்டால் அங்கேயிருந்தே திருத்துங்கோ. மற்றவர்களைத் திருத்துவது உங்களுக்குப் பிடித்த வேலைதானே.

ஆரணியை நீங்கள் கண்டதில்லை. என் மகள் வதனியின் பிள்ளை, ஏழு வயசு. நாங்கள் எல்லாரும் சிட்னியில், கிரவீனில் ஒரே வீட்டில் இருக்கிறோம். பிள்ளை கூப்பிட்டால் திரும்புகிறாள் இல்லை, பாடத்தின் நடுவில் எங்கேயோ போய்விடுகிறாள் என்று ரீச்சர் எழுதி அனுப்பினா. டொக்டரிடம் கொண்டு போனோம். நானும் போனேன். டொக்டர் ஒரு சின்னப் பெட்டை, தலைமயிரைச் சுருட்டிப் பென்சில் செருகியிருந்தாள். அதற்கு முதல் கிழமையே தலையில் வயர் ஒட்டி மூளையைப் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு இந்தக் காற்றாடியைக் கையில் கொடுத்து, நிறுத்தாமல் ஊது என்றாள்.

ஆரணி ஊதினாள், ஊதினாள். பிறகு ஊதவில்லை. காற்றாடி மெல்ல மெல்ல நின்றது. பிள்ளை அதைப் பார்க்கவுமில்லை, எங்களைப் பார்க்கவுமில்லை. கண் திறந்தபடி, இமை மட்டும் துடித்தது. கொஞ்சத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஊதினாள்.

இது வலிப்பில் ஒரு வகை என்றாள் டொக்டர். விழுத்தாதாம், நுரை தள்ளாதாம், கொஞ்ச செக்கன் பிள்ளையை இல்லாமல் பண்ணிவிடுமாம். மருந்து கொடுத்தால் அடங்கும், வளர வளர மாறவும் கூடும் என்றாள். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று கேட்டாள்.

வதனி இல்லை என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் வலிப்பு இல்லைத்தானே?"

"சீ, இல்லை" என்றேன். மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி சொன்னேன்.

நீங்கள் அங்கே நின்றிருந்தால் என்ன பார்வை பார்த்திருப்பீங்கள் என்று தெரியும்.

முப்பத்துமூன்று வருசத்துக்கு முதல், ஊரில் மாமியின் திவசம், உங்கள் அம்மாவின். உங்கள் வீட்டுக் குசினி. நீங்கள் கறுப்புக் கரை போட்ட நாவல் நிறச் சேலை. ஆஸ்பத்திரி நேர்ஸ் வேலைக்கு நீங்கள் கட்டுகிற பெரிய மணிக்கூட்டைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தீங்கள். உள்ளுக்கு ஏழு பெண்டுகள், எல்லாரையும் பேர் சொல்லுவேன். விறகு ஈரம். எட்டு வயசு வதனி ஊதுகுழலை வைத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதினபடியே நின்றுபோனாள். குழல் வாயில், கண் அடுப்பில் இல்லை.

"என்னடி பிராக்குப் பாக்கிறாய், நினைவு எங்கை போட்டுது?" என்று நான் சத்தம் போட்டேன்.

நீங்கள் கையால் மறித்தீங்கள். "பொறும், எண்ணுறன்." மணிக்கூடு கையில் இல்லாதபடியால் பெருவிரலை விரல் கோடுகளில் வைத்து வைத்து எண்ணினீங்கள். மோதிர விரலின் கடைசிக் கோட்டில் நின்றீங்கள். "ஒன்பது. இது பிராக்கில்லை, வலிப்பிலை ஒரு சாதி. நாளைக்கே பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாரும்."

ஏழு பெண்டுகளும் கேட்டார்கள். உரலடியில் நின்றவள் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பொம்பிளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை அந்த இடத்தில் சொல்லலாமோ? என் காதுக்குள் சொல்லியிருக்கலாம். அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நான் சொன்னதும் ஞாபகமிருக்கிறது. "பெத்து வளத்தவளுக்குத் தெரியும், பிள்ளையள் பிராக்குப் பாக்கும் எண்டு. நோயாளியளைப் பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாம் நோயாத்தான் தெரியுது." நீங்கள் கையிலிருந்த வாழைக்காயைச் சீவி முடித்தீங்கள். நான் திவசச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தேன். பிறகு கிளினிக்குக்கு என்று துண்டு எழுதி அனுப்பினீங்கள். அதை அடுப்புக்குள் போட்டேன். "அக்கா சும்மா சொல்லமாட்டா" என்ற உங்கள் தம்பிக்கு, என் மனுசனுக்கு, இரண்டு நாள் சோறு போடவில்லை.

ஆனால் ஒன்று. அன்றைக்குப் பிறகு வதனியை நான் அடுப்பு ஊத விடவில்லை. புகை கண்ணுக்குக் கூடாது என்றேன். கிணற்றடிக்குத் தனியே விடவில்லை. அதற்கு வேறொரு காரணம் சொன்னேன். உங்களை நம்பவில்லையென்றால் அதையெல்லாம் ஏன் செய்தேன்? நம்பினேன் என்றால் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை? இரண்டையும் செய்தவள் நான்தான், எனக்கே விளங்கவில்லை. போகப் போக அது மாறிவிட்டது. மாறினதோ, நான் பார்க்காமல் விட்டதோ.

இங்கே டொக்டர் தந்த மருந்து மூன்று கிழமையாகப் பிரிட்ஜுக்கு மேலே உடைக்காமல் இருந்தது. வதனி அது செய்யக்கூடிய கெடுதிகளையெல்லாம் போனில் வாசித்து வாசித்து அழுதாள். "நல்லா ஓடித் திரியிற பிள்ளைக்கு நான் மூளைக்கு மருந்து குடுக்கிறதோ, அம்மா?" மருமகன் நந்தன் றிப்போட்டைப் படம் பிடித்துச் சொந்தக்கார டொக்டர்மாருக்கெல்லாம் அனுப்பினார். சென்னையில் இருப்பவர் திரும்பவும் வயர் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். மெல்பேர்னில் இருப்பவ ரப்லெட்டில் படம் பார்க்கிறதைக் குறைக்கச் சொன்னா. நந்தனின் லண்டன் அண்ணன், விழவில்லை, நுரையில்லை, பிறகென்ன வலிப்பு என்றார். அவர் பல் டொக்டர், மச்சாள். ஆனால் அவர் சொன்னதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். இமை துடித்ததைக் கண்ணால் கண்டுவிட்டு, பிள்ளைக்கு நித்திரை காணாது என்று பேசித் திரிந்தேன்.

போன சனிக்கிழமை காலமை நீச்சல் வகுப்பு. தண்ணீரில் கவனம், கைக்கு எட்டுகிற தூரத்தில் விசயம் தெரிந்த ஆள் நிற்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தாள். ஒன்றும் நிச்சயமில்லாததற்கு ஏன் பிள்ளையை மறிக்கவேண்டும் என்று இவர்கள் நீச்சல் பையைக் கட்டிவிட்டார்கள். பழக்குபவருக்குச் சொல்லவுமில்லை. ஆரணி நீச்சல் உடுப்போடு வாசற்படியில் இருந்து காற்றாடியை ஊதிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காற்றாடி நின்றது.

என் பெருவிரல் தானாக எண்ணத் தொடங்கியது, மச்சாள். நான் சொல்லாமலே. சுட்டுவிரல் முதல் கோடு, இரண்டாம் கோடு. மோதிர விரலின் கடைசிக் கோட்டுக்கு வரும்போது பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். "வாட், அம்மம்மா?"

"வதனி, பிள்ளையைத் தண்ணிக்குக் கொண்டு போகாதை."

"தொடங்கிட்டீங்களோ? லண்டன் அண்ணாவே சொன்னவர்—"

"அவர் பல்லைப் பாக்கட்டும். உனக்கும் இருந்தது."

காரைத் திறக்கத் திறப்பை எடுத்தவள் அப்படியே நின்றாள். "என்ன இருந்தது?"

"அடுப்பு ஊதேக்கை நிண்டுபோவாய். உன்ர நேர்ஸ் மாமி எண்ணினவ. ஒன்பது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அதுதானோ என்னைக் கிணத்தடிக்கு விடாமல் வைச்சிருந்தனீங்கள்? உங்களுக்கு என்னிலை நம்பிக்கையில்லை எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்."

நந்தன் நீச்சல் பையைக் கீழே வைத்தார். "டொக்டர் இதையெல்லோ கேட்டவ, மாமி" என்றார். அதுதான் சுட்டது.

வதனி கேட்கத் தொடங்கினாள். "எத்தினை தரம் வந்தது? எவ்வளவு நேரம் நிண்டது? எந்த வயசிலை விட்டது?" டொக்டருக்குச் சொல்லவேண்டுமாம். மச்சாள், உங்கள் சேலைக் கரை ஞாபகமிருக்கிறது. உலக்கையோடு நின்றவள் ஆரென்று ஞாபகமிருக்கிறது. நீங்கள் வாழைக்காயைச் சீவின கத்தியின் பிடி உடைந்திருந்தது ஞாபகமிருக்கிறது. என் பிள்ளை கேட்ட ஒன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. அந்த நேரம் நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் உங்களையேதான்.

"எனக்கு மருந்தில்லாமல் மாறினதெண்டால், இவளுக்கும்..." என்று வதனி தொடங்கினாள். முடிக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னது டொக்டர் பக்கம் நின்றதோ, மருந்தை இன்னும் தள்ளிப் போட வழி காட்டினதோ? தெரியவில்லை. உங்களைத்தான் கேட்கவேண்டும், கேட்க நீங்கள் இல்லை.

நீச்சலுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வதனி டொக்டருக்குப் போன் அடித்துச் சொன்னாள். நாளைக்கு வரட்டாம், அம்மம்மாவும் வரட்டாம். மருந்துப் பெட்டி பிரிட்ஜின் மேலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. வதனி இன்னும் உடைக்கவில்லை. நாளைக்குக் கேட்டுவிட்டு உடைக்கிறேன் என்கிறாள்.

நாளைக்கு அந்தப் பெட்டை என்னிடம் கேட்பாள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையதில்லை, நீங்கள் எண்ணித் தந்தது. அதைச் சொல்லுவேன். குசினி நிறைந்த பெண்டுகளுக்கு முன்னால் சொன்னதை மன்னிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். பிள்ளையில்லாத உங்களைப் பார்த்து 'பெத்து வளத்தவள்' என்று நான் சொன்னதும் அப்படியே இருக்கிறது, எங்கேயும் போகவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆரணி வந்து சாடியிலிருந்து காற்றாடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். நான் பேனையை வைக்கிறேன். பெருவிரல் சுட்டுவிரலின் முதல் கோட்டில் போய் நிற்கிறது. இந்த முறை பிள்ளையைத்தான் பார்க்கிறேன், மச்சாள்.