மலைப் பக்கம் சாஞ்ச படகு

ஐப்பசி 14, ஞாயிறு ராத்திரி

மழை விட்டதும் சுத்திப் பாக்க வந்த ஜனங்களை ஏத்திக்கிட்டு அணையில படகை எடுத்தேன். நடுத்தண்ணியில மேகம் விலகி, இடது பக்கம் அண்ணாமலை தெரிஞ்சுது. "அரோகரா!"னு அத்தனை பேரும் எழுந்து அந்தப் பக்கமே வந்துட்டாங்க. "உக்காருங்க!"னு கத்தினேன். யார் கேக்கறாங்க? படகு சாஞ்சுது. விளிம்பு வரைக்கும் தண்ணி. அங்கேயே நின்னுச்சு, யாரோ கீழேர்ந்து தாங்கிப் பிடிச்ச மாதிரி. அப்புறம் மெல்ல நிமிர்ந்துச்சு.

போன மாசம் சோதனைக்கு வந்த இன்ஜினியரம்மா, ஆளுங்களுக்குப் பதிலா மணல் மூட்டை மொத்தத்தையும் படகுல ஒரே பக்கம் அடுக்கிப் பார்த்துட்டு, "மேல் மாடியைக் கழட்டினாதான் லைசென்ஸ்"னாங்க. "எந்த ஊர்ல ஜனங்க எல்லாம் ஒரே பக்கம் நிப்பாங்க?"ன்னு சண்டை போட்டுட்டுதான் கழட்டினேன். அந்த மாடி இருந்திருந்தா...

கரையில ஒரு அம்மா, "நல்ல தரிசனம் தம்பி"ன்னாங்க. "எனக்கும்தாம்மா"ன்னேன். நான் மலைப் பக்கம் திரும்பவே இல்ல; என் கண்ணுல நின்னது அந்த இன்ஜினியரம்மாதான்.