அமாபெல் சீமாட்டியின் ஆறு பிள்ளைகள்

மார்ச் 2
யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்: எங்கள் ஊரில் போர் மூண்டுவிட்டது. ஆறு நூற்றாண்டுக்கு முன் மண்டையைப் போட்ட அமாபெல் சீமாட்டிக்கு வாரிசு யார்? மார்ச் 25, மாதா திருநாளில் அவள் பெயரால் ஊருக்கு ரொட்டி வழங்குவது வாரிசுப் பெண்ணின் உரிமை. இதுவரை வழங்கிய கிழவி குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். களத்தில் இருவர்: என் அண்ணன் மகள் ஹெஸ்டர், அஞ்சலகத்து ப்ருடென்ஸ்.

மார்ச் 6
ஹெஸ்டர் வரைந்த வம்ச மரத்தை விரித்தால் கூடம், தோட்டம் தாண்டி அடுத்த வீட்டுப் பன்றிப்பட்டி வரை போகிறது. இங்கிலாந்தில் வம்சம் தேடிய எவரும் பன்றி மேய்த்தவனிடம் போய் முடிந்ததில்லை. பாவம், பன்றி மேய்த்தவர்களெல்லாம் பிள்ளையில்லாமலே செத்தார்கள் போலும்.

கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கணவனின் முதல் தாரத்துப் பிள்ளைகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவள். கணவன் போன பிறகு அவளை எட்டிப்பார்க்க நாதியில்லை.

“எனக்குன்னு ஒரு ரத்த சொந்தம் வேணும் சித்தப்பா.”

மார்ச் 9
“சீமாட்டி மூக்கும் என் மூக்கும் ஒண்ணு, போய்ப் பாருங்க” என்றாள் ப்ருடென்ஸ். பார்த்தேன். மாதா கோயில் தரையில், அவள் கல்லறைமேல் உருவம் பொறித்துப் பதித்த பித்தளைத் தகட்டில், ஆறு நூற்றாண்டு செருப்புக்கால் பட்டு மூக்கே இல்லை. ஒற்றுமை அபாரம்!

மார்ச் 14
தகட்டில் நடுவே சீமாட்டியின் கணவர் சர் ஹேமோ, இருபுறமும் மனைவியர். முன்பே இறந்த மூத்தவள் ஜோனின் காலடியில் வெறுங்கல். இளையவள் அமாபெலின் காலடியில் ஆறு பொடிசுகள், தனித்தனிச் சிறு தகடுகளாக. எங்கள் வம்சமும் ப்ருடென்ஸ் வம்சமும் அந்த ஆறில்தான் தொங்குகின்றன.

ஹெஸ்டர் காகிதம் விரித்து மெழுகுக்கட்டியால் தேய்த்துப் படியெடுத்தாள். ஜோனின் வெறுங்கல்லில் — சாந்து பூசி மூடிய ஆறு பள்ளங்கள், பிள்ளை வடிவில்! பழுது பார்த்த எவனோ தகடுகளைத் தவறான தாயிடம் பதித்துவிட்டிருக்கிறான். பெற்றவள் ஜோன். அமாபெலுக்குக் குழந்தையே இல்லை.

“சுருட்டி வை. யாருக்குத் தெரியப்போகுது?”

“சும்மா இருங்க சித்தப்பா.”

மார்ச் 15
வாரிசை முடிவுசெய்யக் கூடிய ஊர்க்கூட்டத்தில் ஹெஸ்டர் அந்தப் படியை விரித்தே காட்டிவிட்டாள். மடச்சி.

பாதிரியார் தாடையைச் சொறிந்தார். “வாரிசே இல்லைன்னா ரொட்டியை நிறுத்திடலாமா?”

“ஏன் நிறுத்தணும்? பெறாத ஆறையும் வளர்த்துட்டு, ஊருக்கும் சாப்பாடு வெச்சுட்டுப் போயிருக்கா” என்றாள் ஹெஸ்டர்.

நான் ப்ருடென்ஸைப் பார்த்தேன். தேள் கொட்டப்போகிறது என்றிருந்தேன்.

“மாத்தாந்தாய் ரொட்டியை மாத்தாந்தாயே குடுக்கட்டும்” என்றாள். “அதான் இங்க ஒருத்தி நிக்கிறாளே!”

மார்ச் 25
ஹெஸ்டர் வழங்கினாள். பத்தாயிரம் பேர், மலையளவு ரொட்டி, தேவதூதர் எக்காளம். சரி, நாற்பது பேர். தூறல் வேறு. இந்தப் பக்கங்களில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. ஆனால் வரிசையில் முதலில் ப்ருடென்ஸ் நின்றாள். ரொட்டியை வாங்கி, தன் மூட்டுவாத முழங்காலை மடித்து, ஹெஸ்டருக்கு வணக்கம் செய்தாள். அது மட்டும் நடந்தது.