ஜாயின்டருக்கு எண்ணெய்க் குளியல்

ஜூலை 5, சனி

காலை முதல் சாரல். கோயம்புத்தூரிலிருந்து ஜாயின்டர் வந்து சேர்ந்தது. பலகையின் விளிம்பை நேராக இழைத்துத் தரும் இயந்திரம். தென்காசி பார்சல் அலுவலகத்தில் பெட்டியை நான்கு புறமும் படம் எடுத்த பின்னரே கையெழுத்து. சுமை ஆட்டோ ஓட்டுநருக்குப் பொறுமை குறைவு.

"சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குதியளே! ஏத்தவா, வேண்டாமா?"

பிற்பகல் என் வக்கீல் அலுவலகத்தில் ஒரு குழப்பம். நான் எங்கே என்று கேட்ட கட்சிக்காரரிடம் குமாஸ்தா சுடலைமுத்து, "ஐயா ரிஜாயின்டர் எடுக்கப் போயிருக்காவ" என்றிருக்கிறார். வழக்கில் பதிலுரைக்குத் தரும் மறுப்புரைக்கு அந்தப் பெயர். கட்சிக்காரர் அரண்டுபோய், "எதிர்ப்பார்ட்டி என்னத்தப் புதுசா எழுதிட்டான், அண்ணாச்சி?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தெளிவுபடுத்தி, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 6, ஞாயிறு

மேலகரம் வீட்டின் பின்புறக் கொட்டகையில் இயந்திரத்தை நிறுத்தியாயிற்று. கையேடு இருமுறை வாசிப்பு. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் கத்தியின் பக்கமே போனேன். கத்திக்கு முன்னே ஒரு மேசை, பின்னே ஒரு மேசை. பின்மேசை கத்தி முனையின் மட்டத்திற்குச் சரியாக நிற்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசியில் பள்ளம். உயர்ந்தால் பலகை முட்டி நிற்கும். மதியச் சாப்பாடு வரை அதுவே வேலை.

செய்ய வேண்டியது: சாப்பாட்டு மேசை.
கைவசம்: பலாப் பலகை நான்கு, புளியங்குடி மைத்துனர் கொடுத்தது. ஐந்தாவது கிடையாது.
கெடு: அடுத்த ஞாயிறு. மகளின் மாமனார், மாமியார் மதுரையிலிருந்து அருவி சீசனுக்கு வருகிறார்கள்.

சென்ற ஆண்டு வாடகை மடக்கு மேசை சாப்பாட்டின் நடுவே சரிய, சம்பந்தி வீட்டார் ஆளுக்கொரு இலையைப் பிடித்தபடி எழுந்து நிற்க நேர்ந்தது. என் மனைவி வள்ளி அதை மறக்கவில்லை.

"இந்தத் தடவையும் அவுகள இலையோட நிக்க வச்சியன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பாத்துக்கிடுங்க."

ஜூலை 8, செவ்வாய்

கொட்டகை ஜன்னலைச் சாத்த மறந்தேன். இரவெல்லாம் சாரல் உள்ளே. வார்ப்பிரும்பு மேசை முழுவதும் செம்புள்ளி. புது இயந்திரம்! உப்புத்தாள் கொண்டு தேய்த்து, மறுபடி துரு ஏறாதிருக்க அடுக்களை நல்லெண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். வள்ளி கதவருகே நின்று பார்த்தாள்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமைல்லா? பொம்பளைக எண்ணெ தேய்க்கிற நாளு. உங்க மெஷினு பொம்பளையா?"

நான் பின்மேசைக்கும் பூசினேன்.

"தேச்சது தேச்சிட்டிய, அப்படியே ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயித் தலையக் காட்டிட்டு வந்துருங்க."

அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று தெரிவித்தேன்.

ஜூலை 9, புதன்

வழக்கு ஒத்திவைப்பு. சீக்கிரம் வீடு. விளிம்புகளை இழைத்தேன், விரல் கத்தியருகே போகவில்லை, தள்ளுகட்டை மட்டுமே. இரண்டு பலகைகளைச் சேர்த்து விளக்கின் முன் பிடித்தால் இடையில் வெளிச்சமே இல்லை. இப்படியொரு இணக்கத்தை எந்தச் சமரசப் பேச்சிலும் நான் கண்டதில்லை. பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று. அந்த மகிழ்ச்சியில் இரவு இரண்டு தோசை அதிகம்.

ஜூலை 10, வியாழன்

மாலை கிளாம்பைக் கழற்றி நானும் வள்ளியும் தூக்கினோம். டப். நடு இணைப்பு விட்டுப்போயிற்று. மற்ற இரண்டும் கையால் இழுத்ததும் பிரிந்தன.

என் முடிவு: பின்மேசை கோணல், விற்றவரே பொறுப்பு. சுடலைமுத்துவை வரவழைத்து நோட்டீஸ் சொல்லத் தொடங்கினேன். "மேற்படி இயந்திரத்தின் மேற்படி பின்மேசையானது" என்ற இடத்தில் வள்ளி ஒரு பலகையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னங்க, இது இட்லிப் பொடி வாசம்லா அடிக்கு?"

சுடலைமுத்துவும் முகர்ந்தார். "ஆமா ஐயா. நல்லெண்ணெ."

இழைத்த விளிம்பு ஒவ்வொன்றும் எண்ணெய் பூசிய மேசைமீதுதான் வழுக்கிச் சென்றிருக்கிறது. பசை எப்படிப் பிடிக்கும்? பின்மேசையில் குறையே இல்லை.

சுடலைமுத்து பேனாவை மூடவில்லை. "ஐயா, நோட்டீஸ்ல பேர மாத்திரவா?"

"யார் பெயருக்கு?"

"செக்குக்காரர் பேருக்கு."

வள்ளி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டீஸ் கைவிடப்பட்டது.

ஜூலை 11, வெள்ளி

விடுப்பு. இயந்திரத்தின் மேசைகளைப் பெயின்ட் தின்னர் கொண்டு, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைத்தேன். பலகையில் பழைய பசையைச் சுரண்டி, விளிம்புகளை மீண்டும் இழைத்தேன். சாப்பாட்டு மேசையின் அகலம் சற்றுக் குறைந்தது. பரவாயில்லை. ஆனால் இனித் தவறினால் ஒட்டுவதற்கு நாள் இல்லை. ஒவ்வொரு விளிம்பையும் வள்ளி முகர்ந்து அனுமதித்த பின்னரே பசை.

ஜூலை 12, சனி

கிளாம்பைக் கழற்றினேன். சத்தமில்லை. வெல்டிங் கடையிலிருந்து இரும்புக் கால் வந்தது, முடுக்கியாயிற்று. கொட்டகை ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று மூன்று முறை பார்வையிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயிலும் சாரலும் மாறி மாறி. தடை நீங்கிய ஐந்தருவியில் குளித்து, சம்பந்தி வீட்டார் நல்ல பசியோடு வந்தார்கள். புது மேசையில் இலை. சம்பந்தி கனத்த உடம்புக்காரர். இரண்டு முழங்கைகளையும் சரியாக நடு இணைப்பின் மேல் ஊன்றினார். நான் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வள்ளி என் காதருகே: "இலையப் பாத்துச் சாப்பிடுங்க. அவுக முழங்கையையே பாத்துக்கிட்டிருந்தா என்ன நெனப்பாவ?"

பாயசம் பரிமாறும்போது ஒரு கரண்டி அப்படியே இணைப்பின் மேல் சிந்தியது. எல்லோரும் துணி தேடினார்கள். நான் குனிந்து, இணைப்பு வழியே பாயசம் கசிகிறதா என்று மேசைக்கு அடியில் கையால் நெடுகத் தடவினேன்.

"என்ன சம்பந்தி, கீழ என்னத்தத் தேடுறீங்க?"

ஒன்றும் இல்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.